டி.பி. ராஜலட்சுமி "முதல் கதாநாயகி" மட்டும்தானா?

கடனாநதி:

எல்லாருக்கும் வணக்கம். மனசு ஆறாமத்தான் இந்த இழையைத் தொடங்குதேன்.

என் மக எட்டாம் வகுப்பு படிக்கா. போன வாரம் ஒரு பொது அறிவுப் போட்டிக்குப் போனா. "தமிழ் சினிமாவின் முதல் பெண் இயக்குநர் யார்?"னு கேட்டிருக்காங்க. இவ எழுந்து "டி.பி. ராஜலட்சுமி"ன்னு சொல்லிருக்கா. நடத்தினவங்க, "அவங்க முதல் கதாநாயகிம்மா, இயக்குநர் இல்ல"ன்னு சொல்லி உட்கார வச்சுட்டாங்க. பிள்ளை வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காம, "நீ சொல்லிக் குடுத்தது தப்பாம்மா?"ன்னு கேட்டா. எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு.

தப்பே இல்லை. 1936-ல வந்த 'மிஸ் கமலா' படத்துக்குக் கதை, வசனம், இயக்கம், தயாரிப்பு எல்லாம் அவங்கதான், கதாநாயகியும் அவங்கதான். தான் எழுதின 'கமலவல்லி'ங்கிற நாவலைத்தான் படமாக்கினாங்க. ஸ்ரீ ராஜம் டாக்கீஸ்னு சொந்தக் கம்பெனி. அப்போ அவங்களுக்கு வயசு இருபத்தஞ்சு. இந்தியாவிலேயே முதல்ல படம் இயக்கின பெண்ணுன்னா 1926-ல பாத்திமா பேகம்தான், அது பேசாப்பட காலம்.

இவ்வளவு செஞ்ச ஒருத்தரை எல்லாரும் ஒரே வரியில முடிச்சுடுதாங்க. "முதல் கதாநாயகி", முற்றுப்புள்ளி. அதுக்கு முன்னால மேடையில பாடின வருஷங்கள் என்னாச்சு? பின்னால சொந்தப் பணத்தைப் போட்டுப் படம் எடுத்தது என்னாச்சு? தெரிஞ்சவங்க எழுதுங்க. நாடகத் தொழில்ல இருக்கிறவங்க இங்கே ஒண்ணு ரெண்டு பேர் இருக்கீங்கன்னு தெரியும், உங்களைத்தான் முக்கியமா எதிர்பார்க்கேன்.

---

டவுண்வாசி:

அம்மா, உங்க மக சொன்னது நூத்துக்கு நூறு சரி. நல்லா படிச்ச பிள்ளை. அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வரிசையாச் சொல்லுதேன். பிறந்தது 1911, தஞ்சாவூர் ஜில்லா சாலியமங்கலம். முதலெழுத்துல இருக்கிற 'தி' திருவையாறு, 'ப' அப்பா பஞ்சாபகேசர். சின்னப் பிள்ளையிலேயே கல்யாணம் முடிச்சு வச்சுட்டாங்க, அந்தக் கல்யாணம் நிக்கல. தகப்பனாரும் போய்ச் சேர்ந்த பிறகு தாயும் மகளும் திருச்சிக்கு வந்து, சாமண்ணா ஐயர் நாடகக் கம்பெனியில சேர்ந்தாங்க. அந்தக் காலத்துல ஒரு பிராமணக் குடும்பத்துப் பொண்ணு அரிதாரம் பூசினா சொந்தக்காரங்க வாசப்படி மிதிக்க விடமாட்டாங்க. கம்பெனியிலயும் பொம்பளை வேஷம் பூராவும் பையன்கள்தான் கட்டினாங்க. அப்படிப்பட்ட இடத்துல ஒரு சிறுமி போய் நிக்கிறான்னா பின்னால இருந்த வறுமை எப்படிப்பட்டதுன்னு யோசிச்சுக்கிடுங்க.

அப்புறம் பேசாப் படம், அதுக்கப்புறம் 1931-ல 'காளிதாஸ்'. பம்பாயில அர்தேஷிர் இரானி கம்பெனி எடுத்தது, ஹெச்.எம். ரெட்டி டைரக்‌ஷன். அதே வருஷம் மார்ச்சுல வந்த 'ஆலம் ஆரா'வுக்குப் போட்ட செட்லயே இதையும் எடுத்தாங்க. அக்டோபர் 31-ந் தேதி மெட்ராஸ் கினிமா சென்ட்ரல்ல ரிலீஸ். கதாநாயகன் தெலுங்குல பேச, ராஜலட்சுமி தமிழ்ல பேசினாங்க. அப்படியும் ஜனம் அலைமோதிச்சு. ஏன்? தமிழ் பேசுத படம்ங்கிறதை விட, "நம்ம ராஜலட்சுமி பாடுத படம்"னுதான் போனாங்க. மேடையில அவங்க பேர் அதுக்கு முன்னாலயே நின்னு போச்சு.

ஒரு சேதி சொல்லணும். படம் வடமொழிக் கவியைப் பத்தி. ஆனா அதுல ராட்டினத்தைப் பத்தி, காந்தியைப் பத்தி ஒரு பாட்டு வரும். எழுதினது மதுரகவி பாஸ்கரதாஸ். காளிதாசனுக்கும் கைராட்டைக்கும் என்ன சம்பந்தம்னு இன்னைக்குக் கேட்கலாம். நாடகம் பார்த்து வளர்ந்தவன் கேட்கமாட்டான். மேடையில எந்தக் கதை நடந்தாலும் நடுவுல தேசப் பாட்டு ஒண்ணு பாடித்தான் ஆகணும். போலீஸ்காரன் முன்வரிசையில உக்காந்திருப்பான், அப்பவும் பாடணும். அந்தப் பழக்கத்தை அவங்க அப்படியே பம்பாய்க்குக் கொண்டு போனாங்க.

---

சுளவு:

தப்பா நினைக்காதீங்க அக்கா. அவங்க தஞ்சாவூர்க்காரங்க. நம்ம நெல்லைச் சீமைக் குழுவுல இவங்களைப் பத்தி ஏன் பேசணும்? நம்ம ஊர்க் கலைஞர்களைப் பத்தியே இன்னும் முழுசா எழுதி முடிக்கல.

---

ஆர்மோனியம்:

தம்பி சுளவு, உங்க கேள்வி நல்ல கேள்வி. அதுக்குப் பதில் சொல்லத்தான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். நான் விளாத்திகுளம் பக்கம். முப்பத்தெட்டு வருஷமா ஆர்மோனியம் வாசிக்கேன், பின்பாட்டும் பாடுவேன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

ராஜலட்சுமி அம்மா குரலைக் கேட்டு, இந்தப் பிள்ளையை மேடைக்கு எடுத்துக்கிடுங்கன்னு சாமண்ணா கம்பெனிக்குச் சொன்னவர் யாரு தெரியுமா? சங்கரதாஸ் சுவாமிகள். அவர் எந்த ஊரு? தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டி. 1867-ல பிறந்தவர், நாடகத்துக்கு வர்றதுக்கு முன்னால உப்புப் பண்டசாலையில கணக்கு எழுதினவர். அது முழுக்க அன்னைக்குத் திருநெல்வேலி ஜில்லா, 1986 வரைக்கும் அப்படித்தான். வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ஜுனா, சத்தியவான் சாவித்திரி, கோவலன்னு அறுபதுக்கு மேல எழுதிக் குடுத்துட்டு 1922-ல புதுச்சேரியில கண்ணை மூடினார். அப்போ ராஜலட்சுமிக்குப் பதினொண்ணு. சாகறதுக்கு முன்னால அந்தப் பிள்ளைக்கு ஒரு வழியைக் காட்டிட்டுப் போயிருக்கார்.

அவங்க படங்களை வரிசையா எடுத்துப் பாருங்க. 1933-ல 'வள்ளி திருமணம்', 1934-ல 'கோவலன்'. எல்லாம் மேடையில பாடிப் பாடித் தேய்ஞ்ச கதைகள். 'வள்ளி திருமணம்' கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் முதலீட்டுல கல்கத்தாவுல எடுத்தது, வசூல்ல பிய்ச்சு எடுத்துச்சு. கல்கத்தா ஸ்டூடியோவுல நின்னு ஒரு தஞ்சாவூர்ப் பொண்ணு வள்ளியாப் பாடுதா. வாயில வர்றது தூத்துக்குடிக்காரர் நாடகம். இதுல நமக்குப் பங்கு இல்லையா தம்பி?

இப்போ ஸ்திரீபார்ட்னா, அதாவது நாடகத்துல கதாநாயகி வேஷம்னா, என்னன்னு சொல்லுதேன். சினிமா நடிகைன்னு மட்டும் பார்க்கிறவங்களுக்கு இது தெரியாது.

கோயில் கொடைக்கு வள்ளி திருமணம் வச்சா ராத்திரி பத்து மணிக்கு மேலதான் தொடங்கும். முதல்ல பபூனும் டான்ஸும். வள்ளி மேடைக்கு வர்றப்போ ஊர் பாதி அசந்திருக்கும். தினைப்புனத்துல பரண்மேல நின்னு ஆலோலம் பாடி பட்சிகளை விரட்டணும். அந்த முதல் குரல்லயே தூங்கினவன் எழுந்து உக்காரணும். அப்புறம் நாரதர் வருவார், தர்க்கம். வேடன் வருவான், அதுலயும் தர்க்கம். இதுல வசனத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷக்காரர், ஒரு ஊர்ல இருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேற ஊர்ல இருந்து வருவா, சாயங்காலம் டீக்கடையிலதான் ரெண்டு பேரும் முதல்முறையாப் பார்த்துக்குவாங்க. ராத்திரி மூணு மணிக்கு அவர் விருத்தத்துல ஒரு கேள்வியைப் போடுவார், இவ அதே ராகத்துல, அதே சுருதிக் கட்டையில பதில் எடுத்துக் குடுக்கணும். தடுமாறினா கூட்டம் விசிலடிச்சு மானத்தை வாங்கிடும். விடியுத வரைக்கும் குரல் நிக்கணும்.

அன்னைக்கு மைக் கிடையாது. கடைசியில வேலிப் பக்கம் நிக்கிறவன் காதுக்குப் போகணும்னா அடிவயித்துல இருந்து எடுத்துப் பாடணும். அதனாலதான் ஆம்பளைகளே அஞ்சு கட்டையில பாடினாங்க. ஆர்மோனியம் தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன்: வெள்ளைக் கட்டையில முதல் 'ச' ஒண்ணு, அங்கிருந்து அஞ்சாவது வெள்ளை அஞ்சு கட்டை. இன்னைக்குக் கச்சேரி பாடுத ஆம்பளைங்க பெரும்பாலும் ஒண்ணு ஒண்ணரையில நிப்பாங்க. அஞ்சுல ஒரு ராத்திரி பாடினவரு மறுநாள் பேச முடியாம சைகையில தண்ணி கேட்கிறதை நானே பார்த்திருக்கேன்.

அந்தச் சூளையில வெந்து வந்தவங்க ராஜலட்சுமி. பேசும்படம் வந்தப்போ பின்னணிப் பாட்டு கிடையாது. கேமரா ஓடும்போதே நடிக்கணும், அதுலயே பாடணும், வாத்தியக்காரங்க கேமராவுக்குப் பின்னால ஒளிஞ்சு வாசிப்பாங்க. மெட்ராஸ்ல ஒலிப்பதிவு ஸ்டூடியோ 1934-லதான் வந்துச்சு. அதுவரைக்கும் பாட்டுக்காரங்க, வாத்தியக்காரங்க எல்லாரும் மூட்டை முடிச்சோட பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினாங்க. இதெல்லாம் ஸ்டூடியோ சொல்லிக் குடுத்த வித்தை இல்ல. மேடையில கத்துக்கிட்டதைச் சினிமாக்காரங்க வாங்கிக்கிட்டாங்க.

---

செங்கோட்டைப் பாசஞ்சர்:

ஆர்மோனியம் அண்ணாச்சி எழுதினதைப் படிச்சு எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஆனா ஒரு விஷயத்துல எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு.

மேடைப் பாடகின்னு பேச ஆரம்பிச்சா கே.பி. சுந்தராம்பாளை விட்டுட்டுப் பேச முடியாது. அவங்க கொடுமுடிதான், ஆனா எங்க ஊரு மருமகள். அவங்க கணவர், மேடை நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பான்னா செங்கோட்டை கங்காதரன் கிட்டப்பா. 1933 டிசம்பர் 2, வயசு இருபத்தேழு, போய்ட்டார். ஒரு பேசும்படத்துலகூட நடிக்காமலே போய்ட்டார். அந்தம்மாவுக்கு அப்போ இருபத்தஞ்சு. அன்னைக்குக் கட்டின வெள்ளைப் புடவையைக் கடைசி வரைக்கும் மாத்தல. இனி எந்த ஆம்பளைக்கும் ஜோடியா நடிக்கமாட்டேன்னு இருந்தவங்களை 1935-ல 'நந்தனார்' படத்துக்குக் கூப்பிட்டாங்க. ஒரு லட்சம் சம்பளம், ஆண் வேஷம். வேதியரா நடிச்சது மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1953-ல 'ஔவையார்', மேலவை உறுப்பினராவும் இருந்தாங்க, 1969-ல 'துணைவன்' படத்துல பாடினதுக்குத் தேசிய விருது, 1970-ல பத்மஸ்ரீ.

சின்ன வயசுல எங்க தெருவுல கிட்டப்பா ரெக்கார்டு போடுத ஒரு மாமா உண்டு. 'காயாத கானகத்தே' தொடங்கினா தெருவுல சைக்கிள்ல போறவங்க இறங்கி நின்னுடுவாங்க. அந்தக் குரலுக்கு எதிர்க்குரல் குடுத்து மேடையில நின்ன பொம்பளை சுந்தராம்பாள். என்னைக் கேட்டா மேடைப்பாட்டுல அவங்களுக்குத்தான் முதலிடம்.

---

கடனாநதி:

அக்கா, சுந்தராம்பாள் அம்மா பெரியவங்கதான், அதுல எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனா அவங்களை யாரும் மறக்கலையே. அவங்க குரல் நம்ம கையில இருக்கு. தைப்பூசம் வந்தா இன்னைக்கும் ஒலிபெருக்கியில அவங்கதானே. ராஜலட்சுமி அம்மாவுக்கு என்ன மிஞ்சியிருக்கு? 'காளிதாஸ்' பிரதி இல்லை. 'மிஸ் கமலா' பிரதி இல்லை. ஒருத்தர் இயக்கின படமே கையில இல்லாம, "நீ இயக்குநர் இல்ல"ன்னு சொல்லுறது எவ்வளவு சுலபமாப் போச்சு பாருங்க. என் மகளுக்கு நடந்தது அதுதான்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் குடுத்தது அடுத்தவங்க. ராஜலட்சுமி தானே முதலாளியா நின்னாங்க.

---

டவுண்வாசி:

தயாரிப்பைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், அதுதான் இதுல கஷ்டமான பகுதி.

அன்னைக்குப் படம் எடுக்க வந்தவங்க யாரு? தியேட்டர் வச்சிருந்தவங்க, மில் முதலாளிங்க, வட்டிக்கு விடுதவங்க. நஷ்டம் வந்தாலும் தாங்கிக்கிட வேற தொழில் இருந்துச்சு. ஒரு நடிகை தன் உழைப்புல சேர்த்ததைப் போட்டா, போனது போனதுதான். 'மிஸ் கமலா' சமூகக் கதை. எல்லாரும் புராணத்தை எடுத்துக்கிட்டு இருந்த நேரத்துல, ஒரு பொண்ணோட கல்யாணத்தையும் அவ மனசையும் வச்சுக் கதை எழுதி எடுத்தாங்க. சின்ன வயசுல தனக்கு நடந்த கல்யாணத்தை அவங்க மறந்திருக்க முடியுமா? பெத்த மகளுக்கும் கமலான்னே பேர் வச்சாங்க. அந்தப் பேர் மேல அவ்வளவு பிரியம்.

அதோட நிக்கல. அடுத்து 'மதுரை வீரன்' எடுத்தாங்க, அதையும் அவங்களே இயக்கினாங்க. வீரனா வி.ஏ. செல்லப்பா. ஆக ரெண்டு படம். ஏதோ ஆசைக்கு ஒருதடவை எடுத்துப் பார்த்தாங்கன்னு யாரும் சொல்ல முடியாது.

பின்னால வந்தவங்களுக்குத் துணை இருந்துச்சு. டி.ஆர். ராஜகுமாரிக்குத் தம்பி ராமண்ணா இருந்தார், ரெண்டு பேரும் சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸ் நடத்தி எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் ஒரே படத்துல நடிக்க வச்சாங்க. பானுமதிக்குக் கணவர் ராமகிருஷ்ணா, பரணி பிக்சர்ஸ். அவங்களும் லேசானவங்க இல்ல, 1953-ல 'சண்டிராணி'யை மூணு மொழியில இயக்கினாங்க. ஆனா அதுக்கு இது பதினேழு வருஷம் முந்தி.

---

சுளவு:

ஆர்மோனியம் மாமா, மன்னிச்சுக்கோங்க, சாமிகள் நம்ம பக்கம்னு தெரியும், இந்தத் தொடர்பு தெரியாது. ஒரு சந்தேகம். இவ்வளவு பேர் வாங்கினவங்க ஏன் நாப்பதுகள்ல காணாமப் போனாங்க? வயசும் முப்பதுதானே?

---

ஆர்மோனியம்:

தம்பி, படம் நஷ்டமானது ஒரு காரணம். ஆனா எங்க தொழில்காரங்க சொல்லுத காரணம் வேற.

1938-ல ஏவி.எம். செட்டியார் 'நந்தகுமார்'னு ஒரு படம் எடுத்தார். டி.ஆர். மகாலிங்கத்துக்கு அதுதான் முதல் படம். ராஜலட்சுமி அம்மா யசோதை. அந்தப் படத்துலதான் தமிழ்ல முதல்முதலா ஒருத்தருக்கு வேற ஒருத்தர் குரல் குடுத்தாங்க. தேவகியா நடிச்சவங்களுக்கு லலிதா வெங்கட்ராமன் பாடினாங்க. யோசிச்சுப் பாருங்க, யசோதை சொந்தக் குரல்ல பாடிட்டு நிக்கா, அதே படத்துல தேவகி வாயை மட்டும் அசைக்கா.

அந்தக் கதவு திறந்த பிறகு பாடத் தெரிஞ்ச நடிகை அவசியமே இல்லாமப் போச்சு. முகம் நல்லா இருந்தாப் போதும், குரலை வெளியில இருந்து வாங்கிக்கலாம். அடிவயித்துல இருந்து பாடுத குரலை மைக்கும் விரும்பல. மைக்குக்குக் கிசுகிசுன்னு பாடணும். ஒரு ஊரையே ராத்திரி முழுக்க எழுப்பி வச்ச குரலை, "கத்துது"ன்னு சொல்லி ஒதுக்கினாங்க. எங்க வாத்தியார் இதைச் சொல்லும்போது அழுவார். அவருக்கு ராஜலட்சுமியைத் தெரியாது, ஆனா அந்தக் குரல் போன கதை தெரியும்.

1964 ஆகஸ்ட்ல மெட்ராஸ்ல காலமானாங்க. ஐம்பத்திரண்டு வயசு. வயசே இல்ல.

---

செங்கோட்டைப் பாசஞ்சர்:

அண்ணாச்சி, நான் முன்னால எழுதினதைக் கொஞ்சம் மாத்திக்கிடுதேன். முதலிடம், ரெண்டாமிடம்னு பேசினது சரியில்ல. சுந்தராம்பாளுக்கு அந்தக் குரலுக்குன்னே படம் எடுக்க ஆள் இருந்தாங்க. ஔவை, காரைக்கால் அம்மையார்னு வேஷம் தேடி வந்துச்சு. ராஜலட்சுமிக்கு அப்படி யாரும் எடுக்கல. அவங்களுக்கு அவங்களே எடுத்துக்கிட்டாங்க.

கடனாநதி, அந்தப் போட்டி நடத்தினவங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்க. சண்டைக்கு இல்ல, அடுத்த பிள்ளைக்காவது சரியா மார்க் போடட்டும்.

---

கடனாநதி:

கடிதம் எழுதியாச்சு அக்கா. மகதான் எழுதினா, நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். 1936, மிஸ் கமலா, ஸ்ரீ ராஜம் டாக்கீஸ், எல்லாம் போட்டிருக்கா. "என் மார்க்குக்காக இல்ல"ன்னு ஒரு வரி எழுதி, பிறகு அடிச்சுட்டா. "மார்க்கும் வேணும்மா"ன்னா.

இன்னொண்ணு. அண்ணாச்சி ஆலோலம் பத்தி எழுதினதைப் படிச்சதும் எங்க ஆச்சி ஞாபகம் வந்து, பரண்ல இருந்து அவ தகரப்பெட்டியை இறக்கினேன். ஆச்சிக்குக் கடையம் பக்கம். பீடி சுத்துவா. மடியில சுளவு, ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் வெட்டின இலை, வாயில எப்பவும் வள்ளி பாட்டு. கை வேகத்துக்குத் தக்கன பாட்டு ஓடும். கட்டு முடிஞ்சு நூலைக் கடிச்சு அறுக்கும்போது மட்டும் பாட்டு நிக்கும். கொடையில நாடகம் பார்த்துப் பார்த்தே முழுசும் பாடமாம்.

பெட்டியில வள்ளி திருமணம் நாடகப் பாட்டுப் புத்தகம் இருந்துச்சு. அட்டை இல்லை, முதல் நாலு பக்கமும் இல்லை. ஓரமெல்லாம் பீடித்தூள் வாசம். ஆலோலம் வர்ற பக்கத்துல வரிக்கு மேல பென்சில்ல சின்னதா 'மூ', 'மூ'ன்னு அங்கங்கே போட்டிருக்கா. முதல்ல எனக்குப் புரியல. மகதான் படிச்சுப் பார்த்து, பாடிப் பார்த்துச் சொன்னா, "அம்மா, இங்கதான் மூச்சு எடுக்கணும்."

ஆச்சி எந்த மேடையிலயும் ஏறினதில்ல. யாருக்காக இந்தக் குறிப்பு போட்டான்னு தெரியல. மக இதைப் பாடிப் பழகணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. அண்ணாச்சி, பதிமூணு வயசுப் பிள்ளைக்கு எந்தக் கட்டை வைக்கலாம்?

---

ஆர்மோனியம்:

தாயி, அஞ்சு கட்டை வச்சுப் பாரு. மேல போகையில முகத்தைச் சுளிச்சான்னா நாலரைக்கு இறக்கு, அது நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கிற கருப்புக் கட்டை. முதல் பத்து நாள் ஆலோலம் மட்டும் பாடட்டும், வாயை நல்லாத் திறந்து, நின்னுக்கிட்டு, வெளிமுற்றத்துல. வீட்டுக்குள்ள பாடினா எட்டுதா எட்டலையான்னு தெரியாது. நீ தெருமுனையில போய் நின்னு கேளு.

ஆச்சி 'மூ' போட்ட இடத்தை மாத்த வேண்டாம். நான் பாடிப் பார்த்துட்டேன், சரியா இருக்கு.